ஐம்பது வரை சொல்கிறாள், ஐந்து ஸ்பூன் எடுத்து வரத் தெரியவில்லை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறீர்கள். மகளுக்கு நாலு வயது இரண்டு மாதம், எல்.கே.ஜி. 'ஒன், டூ, த்ரீ' என்று ஐம்பது வரை மூச்சு விடாமல் சொல்கிறாள். ஆனால் சாப்பிட உட்காரும்போது 'அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வா' என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். 'எத்தனை இருக்கு?' என்றால் எண்ணுகிறாள். எண்ணி முடித்ததும் 'சரி, எத்தனை?' என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள். பள்ளியில் தினமும் ஒன்று முதல் ஐம்பது வரை நோட்டில் எழுதி வரச் சொல்கிறார்கள், அழுகிறாள். மாமியார் தமிழில் எண்ணச் சொல்லித் தருவதால் குழம்புகிறாளோ, அவரை நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு கேள்வி. அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா என்று இன்னொன்று. இத்தனைக்கும் பின்னால் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: பிள்ளைக்கு ஏதாவது குறையா?

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இல்லை. நாலு வயதில் நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும். நான் டாக்டர் இல்லை, உங்கள் மகளைப் பார்த்ததும் இல்லை. 33 வருஷம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். முதல் 9 வருஷம் ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில், மிச்சமெல்லாம் சேலம் டவுனைச் சுற்றி. பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான். ஆகவே கீழே சொல்வதில் கொஞ்சம் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தது, நிறைய நான் வகுப்பில் பார்த்தது. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

எண்ணுவதை நாம் ஒரே வேலையாக நினைக்கிறோம். பிள்ளைக்கு அது மூன்று வேலை. ஐம்பது வரை சொல்வது முதல் வேலை. அது பாட்டு. நம்பாவிட்டால் நடுவில் நிறுத்தி, 'ஃபோர்ட்டீனுக்கு அப்புறம் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஓடி வந்துதான் பதினைந்தைப் பிடிப்பாள். தேசிய கீதத்தில் நடுவில் ஒரு வார்த்தையைச் சொல்லி, அடுத்தது என்ன என்று கேட்டால் நாமும் முதலிலிருந்து முணுமுணுக்கிறோம் இல்லையா, அதுபோல. இரண்டாவது வேலை, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று விரலையும் வாயையும் ஒன்றாக ஓட்டுவது. விரல் முந்தும், இல்லாவிட்டால் வாய் முந்தும். 'செ-வன்' என்று இழுக்கும்போது விரல் இரண்டு பொருளைத் தாண்டியிருக்கும். மூன்றாவதுதான் கஷ்டமானது: கடைசியாகச் சொன்ன சொல் கடைசிப் பொருளின் பெயர் இல்லை, மொத்தக் கூட்டத்துக்கும் அதுதான் பதில் என்று புரிவது. பெரியவர்களுக்கு இது ஏன் கஷ்டம் என்றே விளங்காது. பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்பூனாகத் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்கிறோம். நாய், பூனை, மாடு, ஆடு, கோழி என்று படத்தைத் தொட்டுச் சொன்னோமே, அதே மாதிரி. அங்கே கோழி என்பது கடைசிப் படத்தின் பெயர். இங்கே மட்டும் ஐந்து என்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இந்த மூன்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, எண்ணுதலுக்கு ஐந்து விதிகள் என்று 1978இல் ரோஷல் கெல்மனும் ராண்டி காலிஸ்டலும் வகுத்துச் சொன்னார்கள். எதை வேண்டுமானாலும் எண்ணலாம் என்பது ஒன்று, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது என்பது இன்னொன்று. இந்த விதிகள் பிள்ளைக்குள் முன்பே இருக்கின்றனவா, எண்ணி எண்ணித்தான் வருகின்றனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் சண்டை. நமக்கு அது முடிந்தாக வேண்டும் என்று அவசியமில்லை. பாட்டு முதலில் வரும், அர்த்தம் பின்னால் வரும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

எவ்வளவு பின்னால்? 1990களின் தொடக்கத்தில் கரேன் வின் என்ற ஆய்வாளர் செய்த சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். அவர் பிள்ளைகளை எண்ணச் சொன்னதோடு நிற்கவில்லை. பொம்மைகளைக் குவித்து வைத்து, 'ஒன்று கொடு', 'மூன்று கொடு', 'இரண்டு கொடு' என்று கேட்டார். அழகாக எண்ணிய பிள்ளைகளில் பலர் 'ஒன்று' கேட்டால் மட்டும் சரியாகத் தந்தார்கள், அதற்கு மேல் எதைக் கேட்டாலும் ஒரு பிடி அள்ளித் தந்தார்கள். சில மாதம் கழித்து 'இரண்டு' பிடிபட்டது. இன்னும் சில மாதம் கழித்து 'மூன்று'. அதற்குப் பிறகு வரும் மாற்றம்தான் வேடிக்கை. நாலு, ஐந்து, ஆறு என்று படிப்படியாக வருவதில்லை. எண்ணி நிறுத்தினால் விடை கிடைக்கும் என்பது எப்போதோ ஒருநாள் விளங்கிவிடுகிறது, அதன்பின் தெரிந்த எண் எல்லாவற்றுக்கும் அது வேலை செய்கிறது. இந்தப் பயணம் ஏறக்குறைய இரண்டரை வயதில் தொடங்கி நாலு வயது வாக்கில் முடியும். சிலருக்கு நாலரை, ஐந்து ஆவதும் உண்டு. உங்கள் மகள் இப்போது இரண்டிலோ மூன்றிலோ நிற்கிறாள் என்பது என் ஊகம்.

ஊகத்தை உறுதி செய்யப் பத்துப் பன்னிரண்டு புளியங்கொட்டையும் ஒரு தட்டும் போதும். 'கரடிக்குப் பசிக்குது கண்ணு, ரெண்டு போடு' என்று சொல்லுங்கள். எண்ணு என்ற சொல்லையே வாயில் எடுக்காதீர்கள். தப்பாகப் போட்டால் திருத்தாதீர்கள், கரடி சாப்பிட்டுவிடட்டும். அடுத்து ஒன்று, அப்புறம் நாலு, திரும்ப இரண்டு என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்த எண் வரை தடுமாறாமல் போடுகிறாளோ அதுதான் அவள் இடம். இரண்டில் நிற்கும் பிள்ளையிடம் ஐந்து ஸ்பூன் கேட்பது, இரண்டாம் வாய்ப்பாடு படிக்கும் பிள்ளையிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்பது போல. அவளுக்கு அடுத்த வேலை மூன்று. ஐம்பத்தொன்று இல்லை.

சரி, 'எத்தனை?' என்றால் ஏன் திரும்பத் திரும்ப எண்ணுகிறாள்? அவள் அகராதியில் 'எத்தனை?' என்றால் 'எண்ணிக் காட்டு' என்று அர்த்தம். நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். வீட்டுக்கு வந்தவர் முன்னால் 'எத்தனைன்னு சொல்லு பார்க்கலாம்' என்று எண்ண வைத்துக் கைதட்டுகிறோம். இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்கள் ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் இனிமேல் கேள்வியைக் குறைத்து, சொல்வதைக் கூட்டுங்கள். அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. மொத்தத்தை முதலில் சொல்லி, உடனே எண்ணிக் காட்டுங்கள்: 'உன் தட்டுல மூணு இட்லி. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இட்லி.' எண்ணிக் காட்டுவதை ஒரு நேரமும் மொத்தம் சொல்வதை வேறொரு நேரமும் வைத்துக்கொள்வதைவிட, இரண்டையும் இப்படி ஒட்டிச் சொன்னால் பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது என்று கெல்லி மிக்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் சோதித்துக் காட்டினார்கள். கண் முன்னால் இருக்கும் பொருளைப் பற்றி வீட்டில் எண் சொல்லிப் பேசப் பேச, பிள்ளைக்கு அர்த்தம் முன்னதாக வருகிறது என்பதும் சிகாகோவில் சூசன் லெவின் குழுவினர் வீடுகளில் நடந்த பேச்சைப் பதிவு செய்து கண்டது. அந்த ஆய்வு 2011இல் வந்தது. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். இட்லி வைக்கிறோம், மாடிப்படி ஏறுகிறோம், துணிக்குக் கிளிப் மாட்டுகிறோம். அப்போது பேசினால் போதும்.

தட்டு வைக்கும் வேலையையும் அவளிடமே கொடுங்கள். ஆனால் எண் சொல்லாதீர்கள். 'அப்பாவுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு' என்று ஆள் ஆளாக வைக்கட்டும். ஒன்றுக்கு ஒன்று என்பது கையில் ஊறுவது இப்படித்தான். யாருக்காவது தட்டு குறைந்தால் அவரே கத்துவார். நீங்கள் திருத்த வேண்டிய வேலையும் மிச்சம்.

இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது, ஒரு பெண்குழந்தை மேசையில் இருந்த பல்பங்களை எண்ணினாள். 'லாபம், ரெண்டு, மூணு, நாலு...' அப்பா தானிய மண்டியில் படி அளக்கிறவர். முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லித்தானே நம் ஊரில் அளப்பார்கள். நான் மேசையை ஸ்கேலால் தட்டி 'ஒண்ணுன்னு சொல்லு' என்றேன். 'முதல்ல லாபம்தான் சொல்லணும் டீச்சர்' என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தப் பிள்ளை எண்ணுவதற்கு வாயே திறக்கவில்லை. கெல்மன், காலிஸ்டல் பெயரையெல்லாம் ரொம்ப வருஷம் கழித்து ஒரு பயிற்சியில்தான் கேள்விப்பட்டேன். சொல் எதுவாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் வந்தால் அது எண்ணுவதுதான் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். 'ஒன்று, இரண்டு, ஆறு' என்பது போலத் தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் எண்ணிய சின்னப் பிள்ளைகளைக்கூட அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த மண்டிக்காரர் மகள் எண்ணியதில் ஒரு பிசகும் இல்லை. கடைசியில் எத்தனை என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

பாட்டி தமிழில் எண்ணுவது பற்றிக் கேட்டீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஒன் டூ த்ரீ ஒரு வரிசை, ஒண்ணு ரெண்டு மூணு இன்னொரு வரிசை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளப் பிள்ளைகளால் முடியும். அம்மாபேட்டை, பொன்னம்மாப்பேட்டை பக்கம் வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். ஒரே எண்ணிக்கைக்கு நடுவில் மொழி மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். 'ஒன், டூ, மூணு' என்று ஓடினால் வரிசை அறுந்துபோகும்.

இன்னொன்று, பத்தைத் தாண்டியதும் தமிழ் பிள்ளைக்கு உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து இருப்பது காதுக்குத் தெரியாது. தர்ட்டீனும் தர்ட்டியும் காதில் ஒன்று போலவே விழும். தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், பதினாறு என்றால் பத்தும் ஆறும். பதின்மூன்றையும் முப்பதையும் யாரும் மாற்றிக் கேட்க மாட்டார்கள். சீன மொழியில் பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்று இன்னும் நேராகவே இருக்கும். கெவின் மில்லர் குழுவினர் 1995இல் சீனப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, பத்து வரை இருவரும் சமமாக வந்து, பத்தைத் தாண்டியதும் அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். தமிழை வைத்து அப்படிப்பட்ட ஒப்பீடு எதையும் ஆதாரமாகக் காட்டி நான் இதைச் சொல்லவில்லை. பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை தமிழில் சொல்லிப் பழகிய பிள்ளைகள் இடமதிப்பைச் சீக்கிரம் பிடித்தார்கள் என்பது என் வகுப்பறைக் கணக்கு மட்டும்.

தமிழுக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது, ஒன்பதில். இருபது, முப்பது, நாற்பது என்று வரிசையாக வந்து, எண்பதுக்கு அப்புறம் 'தொண்ணூறு' என்று நூறின் வாடையோடு ஒரு சொல் குதிக்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றும் ஒரு பெயர் உண்டு, அதன் மிச்சம் இது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் 'எண்பத்திப் பத்து' என்று சொன்ன பிள்ளைகளை நான் எண்ணி மாளாது. அது தப்புதான், ஆனால் வரிசையின் சூத்திரத்தைப் பிடித்துவிட்ட பிள்ளை மட்டும் செய்யக்கூடிய தப்பு. அந்தத் தப்பு வந்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

எண்ணுவதில் நாம் சொல்லித் தரவே மறந்துபோகும் ஒரு விஷயம், எதை ஒன்று என்று வைத்துக்கொள்வது என்பது. மலைப்பள்ளியில் வேலை பார்த்த நாட்களில் தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏறி இறங்குவேன். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஒருநாள் முன் சீட்டில் அம்மா மடியில் ஒரு பையன், ஐந்து வயது இருக்கும். அடிவாரம் தாண்டியதும் எண்ண ஆரம்பித்தான். பஸ் கொஞ்சம் திரும்பினாலும் அவனுக்கு ஒரு வளைவு. பலகை 6 என்று காட்டும்போது அவன் பதினொன்றில் இருந்தான். அம்மா 'ஆறுதான்டா, போர்டைப் பாரு' என்றார். அவன் 'போர்டு இல்லாததும் வளையுது' என்றான். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், டீச்சர் தீர்ப்புச் சொல்வார் என்று. இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணினார்கள். அம்மா பலகை வைத்த வளைவை எண்ணினார், பையன் பஸ் திரும்பியதையெல்லாம் எண்ணினான். 'நீ எல்லா வளைவையும் எண்ணு, அம்மா பெரிய வளைவை எண்ணட்டும்' என்று சொன்னேன். மேலே போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிட்டான். இறங்கும்போது எண்கள் 20இலிருந்து கீழே வரும், பின்னோக்கி எண்ணுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அடுத்த முறை ஏற்காடு போனால் இடது பக்கம், வலது பக்கம் என்று பலகையைத் தேட விடுங்கள்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இந்தப் பாடம் சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் கிடைக்கிறது. தட்டுவடை செட்டு ஒன்று வாங்கினால் தட்டுவடை இரண்டு. 'செட்டு எத்தனை? தட்டுவடை எத்தனை?' கொலுசு ஒரு ஜோடி, ஆனால் கொலுசு இரண்டு. நாலு வயதில் இது சிரிப்பாக மட்டும் போகட்டும், விடை வர வேண்டும் என்றில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பத்துக் குச்சியைக் கட்டி 'இது ஒரு பத்து' என்று டீச்சர் சொல்லும்போது, செட்டு சாப்பிட்ட பிள்ளைக்கு அது புதுசாக இருக்காது.

கொலுசு என்றதும் இன்னொன்று. கொலுசில் தொங்கும் சலங்கைகளை எண்ணச் சொன்னால் பிள்ளை நிறுத்தவே நிறுத்தாது, சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டே போகும். வட்டத்துக்குத் தொடக்கம் இல்லையே. பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்று அம்மாக்கள் நினைத்துக்கொள்வார்கள். கொக்கியிலிருந்து தொடங்கு என்று காட்டினால் தீர்ந்தது. அதேபோல, கொட்டிக் கிடக்கும் பொருளை எண்ணுவது வரிசையில் இருப்பதை எண்ணுவதைவிடக் கடினம், ஏனென்றால் எதை எண்ணியாயிற்று, எது மிச்சம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணியதை ஒரு பக்கமாக நகர்த்தப் பழக்குங்கள். தொட்டு எண்ணுவதைவிடத் தள்ளி எண்ணுவது நல்லது.

விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். விரலை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க வைத்த பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன், என்ன கோபமோ தெரியவில்லை. ஐந்து, ஆறு வயதில் விரல் பயன்படுத்தும் பிள்ளைகள் கணக்கில் முன்னால்தான் இருக்கிறார்கள். எட்டு வயது வாக்கில் தேவை தானாகக் குறையும். பாட்டி கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுக்கொண்டே போய் ஒரு கையில் பன்னிரண்டு எண்ணுவார் என்றால், அதையும் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

விளையாட்டில் நான் முதலிடம் தருவது பல்லாங்குழிக்கு. 14 குழி, ஒவ்வொன்றிலும் ஒன்று ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது ஒன்றுக்கு ஒன்று பழக்கம்தான். நாலு சேர்ந்தால் பசு என்று எடுக்க வேண்டும். அந்த நாலை யாரும் எண்ணுவதில்லை, பார்த்ததும் தெரியும். மூன்று, நாலு வரை எண்ணாமலே கண்டுகொள்ளும் சக்தி மனிதக் கண்ணுக்கு உண்டு. அதைக் கூர் தீட்டப் பசுவைவிட நல்ல கருவி விலைக்குக் கிடைக்காது. தாயக்கட்டை கொஞ்சம் பொறுத்து. இரண்டு கட்டையையும் கூட்ட வேண்டும். அதோடு இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. 'ஒண்ணுமே இல்லைன்னா எப்படி டீச்சர் பன்னெண்டு?' என்று ஒரு பையன் என்னை மடக்கினான். பதில் சொல்லவில்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, அழுதுகொண்டே ஐம்பது வரை எழுதும் நோட்டு. இதில் என் கருத்தை ஒளிக்கவில்லை: அந்த வயதுக்கு அது வேண்டாத வேலை. பென்சில் பிடிக்கும் விரல் இன்னும் பலப்படவில்லை. ஐந்து என்றால் எவ்வளவு என்று தெரியாத பிள்ளை 37 என்று எழுதுவது கோலம் போடுவது மாதிரி, கோலத்திலாவது புள்ளிக்கு ஒரு கணக்கு இருக்கும். 3ஐயும் 7ஐயும் திருப்பி எழுதுவாள், ஆறேழு வயது வரை அது சகஜம். தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டமே முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்காகத்தான் தொடங்கியது. அதிலும் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் சொல்லித் தந்தார்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு அவசரம் என்ன? பள்ளியில் சண்டை போடச் சொல்லவில்லை. 'வீட்டில் பத்து வரை எழுதுகிறாள், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அத்தனை பொட்டு வைக்கிறாள், அதை ஏற்றுக்கொள்வீர்களா மிஸ்?' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தால் அழுகை பாதி நிற்கும். கேட்ட மிஸ்களில் பலர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. அபாகஸ் இப்போது வேண்டாம். மூன்று என்றால் எவ்வளவு என்பது முதலில் கைக்குத் தெரியட்டும்.

நாளைக்கு யாராவது உங்களிடம் ஒரு சோதனை செய்து காட்டலாம், பயந்துவிடாதீர்கள். ஆறு காசை ஒரு வரிசையாகவும், இன்னொரு ஆறை அதற்கு நேராகவும் வைத்து, பிறகு ஒரு வரிசையை அகட்டி வைத்தால், நாலு வயதுப் பிள்ளை நீளமானதில்தான் நிறைய என்று சொல்லும். ழான் பியாஜே கண்டது அது. ஆறு, ஏழு வயது வரை பல பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். 1974இல் மக்காரிகல், டொனால்ட்சன் என்ற இருவர் அதே சோதனையில் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டதாக நடத்தியபோது, ரொம்பச் சின்னப் பிள்ளைகளிலும் அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே கலைத்துவிட்டுக் கேட்டால், 'எதையோ மாற்றினாரே, பதிலும் மாறணும் போல' என்று பிள்ளை நினைத்திருக்கலாம். நாம் கேட்கும் விதம் பிள்ளையின் பதிலை எப்படித் திருப்பிவிடும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? ஐந்து வயது முடிந்தும் வீட்டில் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தபின்னும் இரண்டு, மூன்று கொடுக்கத் தெரியாவிட்டால், அல்லது எண்ணோடு சேர்த்துப் பேச்சும் பின்தங்கினால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், நீங்கள் சொல்லும் சின்ன வேலைகள் புரியாவிட்டால், குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். மந்தம் என்று பெயர் வாங்கிய என் மாணவன் ஒருவனுக்குக் காதில்தான் பிரச்சினை இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முழுசாக ஒரு வருஷம் ஆயிற்று. கணக்கில் மட்டும் தனியாக வரும் கற்றல் குறைபாடு என்று ஒன்று உண்டு, டிஸ்கால்குலியா என்பார்கள். அதைப் பள்ளியில் சில வருஷம் படித்த பிறகுதான் தீர்மானிப்பார்கள். நாலு வயதில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம்.

புளியங்கொட்டை பற்றி ஒரு வார்த்தை. கடைசி வரியில் ஒன்றரை வயதுத் தம்பியும் வீட்டில் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கொட்டையைக் கழுவிக் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் எண்ணிப் போடுங்கள். விளையாடி முடித்ததும் உங்கள் மகளோடு சேர்ந்து எண்ணி உள்ளே வையுங்கள். பன்னிரண்டு வெளியே போனால் பன்னிரண்டு திரும்ப வர வேண்டும். என் வகுப்பில் ஒருமுறை பதினொன்று வந்தது. மிச்சம் ஒன்று ஒரு பிள்ளையின் மூக்கில் இருந்தது, எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. தம்பி தூங்கும் நேரமாகப் பார்த்து விளையாடுங்கள், அவன் விழித்திருக்கும்போது ஸ்பூனே போதும்.